நாற்பத்தேழு கிலோ

நெடுங்காட்டுப்பட்டிக் கிணற்றிலிருந்து திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தவசியின் எடை நாற்பத்தேழு கிலோ கூடியிருந்தது. உடம்பு பருக்கவில்லை, காக்கிச் சட்டையின் பொத்தான் ஒன்றுகூட இறுகவில்லை, பெல்ட் பழைய துளையிலேயே நின்றது. ஆனால் அவர் தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியபோது வண்டி ஒரு பக்கமாக எழும்பி நிமிர்ந்ததையும், குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் கீழ்வீட்டு எஸ்தர் அக்காவின் அடுக்களையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதையும், அவர் உட்கார்ந்ததும் கட்டிலின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் ஒடிந்ததையும், அந்த அதிர்ச்சியில் எஸ்தர் அக்காவின் சோற்றுப் பானைக்குள் கூரைக் காரை உதிர்ந்து விழுந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அல்லது கேட்டோம், அல்லது பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எஸ்தர் அக்கா பானையோடு வெளியே வந்து மாடியைப் பார்த்து, "யாரு சோத்துல யாரு மண்ணப் போடுறது?" என்றார். தவசிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் கீழே ஆறும் மேலே ஆறுமாகப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள். ஏழாம் எண் வீடு எங்களுடையது. அரசாங்கக் கட்டடத்துக்குள் எது நடந்தாலும் அதற்கு ஒரு படிவம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். நிலைய அலுவலர் பால்துரையும் அப்படித்தான் நம்பினார். வேலைக்குச் சேரும்போது ஆட்களை நிறுக்கும் எடைக்கருவியில் தவசியை ஏற்றினார், அறுபத்தெட்டு இருந்த இடத்தில் முள் நூற்றுப் பதினைந்தில் போய் நின்றது, இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார், கருவி கெட்டுவிட்டதோ என்று தானே ஏறிப் பார்த்தார், தன் எடையைப் பார்த்ததும் சட்டென்று இறங்கிவிட்டார், பிறகு மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரும்வரை தவசி வழக்கம்போல டூட்டிக்கு வரலாம் என்று முடிவாயிற்று.

அதனால் தவசி டூட்டிக்குப் போனார். வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்று ஓட்டுநர் செய்யது அவரை நடுவில் உட்காரச் சொன்னார். பாம்பு பிடிக்கப் போன வீட்டில் பாம்பு தப்பித்தது, ஓட்டுக்கூரை உடைந்து தவசி அந்த வீட்டுக்காரரின் கட்டிலில் விழுந்தார், அந்தக் கட்டிலும் ஒடிந்தது. அலுமினிய ஏணியின் மூன்று படிகள் வளைந்தன. அவருடைய பைக்கின் டயர் இரண்டு முறை வெடித்தது. கூட வேலை பார்ப்பவர்கள் முதல் வாரம் கேலி செய்தார்கள், இரண்டாம் வாரம் எரிச்சல்பட்டார்கள், மூன்றாம் வாரம் அவர் பக்கத்தில் நிற்பதையே விட்டார்கள்.

குவார்ட்டர்ஸில் நாங்கள் அவர்களைவிட வேகமாக இருந்தோம். எஸ்தர் அக்கா சமைத்து முடித்த பிறகுதான் தவசி படியேற வேண்டும் என்று ஒரு விதி வந்தது, தண்ணீர்த் தொட்டியின் மூடிப் பலகை பக்கமே அவர் போகக் கூடாது என்று ஒரு விதி வந்தது, மொட்டை மாடியில் அவர் வீட்டுத் துணியை அவர் காயப்போடக் கூடாது, அவர் மனைவி சுகந்திதான் காயப்போட வேண்டும் என்று ஒரு விதி வந்தது, அப்புறம் சுகந்தியும் அவரோடு ஒரே வீட்டில் இருப்பதால் அவளும் மொட்டை மாடிக்கு வராமல் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள், யார் என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சுகந்தி எதற்கும் சளைக்கவில்லை. மாடிப்படியின் நடுவில் நின்று, "காரை உழுந்தா கவர்மெண்டப் போய்க் கேளுங்க. அதுக்காக எம்புருசன் கால வெட்டி வீசவா?" என்று கேட்டாள். பதினோரு வீட்டுக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள், பெயர் தன்ஷிகா. கிணற்றுக்குப் போவதற்கு முந்தின நாள்வரை அப்பாவின் தோளில் உட்கார்ந்து நிலையத்தைச் சுற்றி வந்தவள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தவசி அவளைத் தொடவில்லை. அவள் ஓடி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒடிந்த கட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுத் தரையில், அறையின் எதிர் மூலையில், தனியாகப் படுத்தார். கிணற்றில் என்ன நடந்தது என்று சுகந்தி கேட்டபோதெல்லாம், ஒரு பொண்ணு, எடுத்தாச்சு, அவ்வளவுதான் என்றார்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வருவதற்கு முன் ஒரு முகாம் வந்தது. மன அழுத்தத்தைக் கையாளுவது எப்படி என்று சொல்லித்தர ஒரு ஆலோசகர் வந்தார். இளம் பெண், நல்லவர்தான் என்று நினைக்கிறேன். நிலையத்து ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, சமோசா கொடுத்து, கண்ணை மூடி மூச்சை நாலு எண்ணும்வரை இழுக்கச் சொன்னார். மூன்று எண்ணியபோது தவசியின் நாற்காலி உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர் சிரிக்கவில்லை. உங்களுக்குள் இருப்பதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். தரையில் உட்கார்ந்தபடியே தவசி, சொல்ல என்ன மேடம் இருக்கு, எடையில இருக்கே என்றார். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்த ஹாலில் மற்ற ஆண்கள் ஒருவர்கூட நாற்காலியில் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார்கள் என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

முகாம் முடிந்த மறுநாள் எஸ்தர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டிலோ, அப்பா வீட்டிலோ, அம்மா வீட்டிலோ எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதினேன். மேற்படி நபரின் எடை காரணமாகக் கட்டடத்தின் உறுதித்தன்மைக்கும் குடியிருப்போரின் உயிருக்கும் ஆபத்து நேர்ந்துள்ளதால் அவரையும் அவர் குடும்பத்தாரையும் உடனடியாக வெளியேற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன், இரண்டு இடத்தில் பிழை திருத்தினேன், நல்ல தாளில் மறுபடி எழுதினேன். பதினோரு வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

மனு போன செய்தி தெரிந்ததும் சுகந்தி எங்களிடம் வரவில்லை, செய்யதிடம் போனாள். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி, கிணத்துமேட்டுல என்ன நடந்துச்சு, சொல்லாம நகரவிட மாட்டேன் என்று நின்றாள். செய்யது சொன்னார். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எங்கள் நிலையத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது. கிணற்றிலிருந்து ஒரு உடலை மேலே கொண்டுவந்தால், தூக்கியவர் அதை வெறுந்தரையில் கிடத்த மாட்டார், துணி போடுங்க என்று கேட்பார், உறவுக்காரர்கள் யாராவது ஒரு வேட்டியோ சேலையோ துண்டோ கொண்டுவந்து விரிப்பார்கள், அதன்மேல் கிடத்திவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார், அதற்குப் பிறகு அந்த உடல் அவர்களுடையது. எவ்வளவு நேரமானாலும் துணிக்காகக் காத்திருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் தன் துணியைத் தான் விரிக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான், கயிறு கட்டச் சொல்லித்தருவது அதற்குப் பிறகு.

நெடுங்காட்டுப்பட்டிக் கிணற்று மேட்டில் அன்றைக்கு நூறு பேர் நின்றார்கள். பாதாளக் கரண்டிக்குச் சிக்காததால் தவசியே கயிற்றில் இறங்கி, மூன்று முறை முங்கி, அந்தப் பெண்ணை எடுத்து வந்தார். பத்தொன்பது இருபது வயது இருக்கும். துணி போடுங்க என்று கேட்டார். யாரும் அசையவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று பால்துரை கேட்டார், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செல்போனைப் பார்த்தபடி, தெரியலயே சார், வெளியூரா இருக்கும் என்றார். வெயிலில், கையில் அந்தப் பெண்ணோடு, அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்று உலரும்வரை தவசி நின்றார். செய்யது சொன்னார், முக்கால் மணி நேரம் இருக்கும்மா, நான் எத்தனையோ தடவ கண்ணக் காட்டுனேன், பொறுத்துக்கன்னு. பிறகு தவசி தன் தோளில் கிடந்த நீலத் துண்டை ஒரு கையால் உருவி, உதறி, மண்ணில் விரித்து, அவளைக் கிடத்தினார். பிரேதப் பரிசோதனைத் தாளில் எடை என்ற இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது.

செய்யது யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருத்தியிடம் சொன்னார் என்றால் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்னார் என்றுதான் அர்த்தம். அந்த வாரம் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோருக்கும் பழைய இரும்புச் சாமான் போட வேண்டியிருந்தது. ஒருத்தி துருப்பிடித்த வாளியும், ஒருத்தி பழைய அடுப்பும், எங்கள் அம்மா ஓட்டை இரும்புச் சட்டியும் எடுத்துக்கொண்டு, தூக்க ஆள் வேண்டும் என்று கணவனையும் கூட்டிக்கொண்டு, முக்குக் கடை எடைமேடைக்குப் போனார்கள். சாமானை எடை போட்ட பிறகு, சும்மா ஏறித்தான் நில்லுங்களேன் என்றார்கள். சிலர் ஏற மறுத்து வீட்டுக்கு நடந்தார்கள். எங்கள் அப்பா ஏறினார். அவர் ஒல்லி, வேலைப் பதிவேட்டில் அறுபது. மேடை தொண்ணூற்றொன்று காட்டியது. கழித்துப் பார்த்துச் சொன்னது நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் கண்மாய்க்குள் விழுந்த பள்ளி வேனிலிருந்து அப்பா இரண்டு பிள்ளைகளை எடுத்தார் என்பதும், அன்று அவர் பச்சைத் துண்டு இல்லாமல் வீட்டுக்கு வந்தார் என்பதும், துண்டைத் தொலைத்ததற்காக அம்மா அவரைத் திட்டினாள் என்பதும் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அப்பா மேடையிலிருந்து மெதுவாக, பாதத்தின் ஓரத்தை முதலில் வைத்து இறங்கினார். அவர் எப்போதும் அப்படித்தான் நடப்பார். நாங்கள் அதை அவருடைய பணிவு என்று நினைத்திருந்தோம்.

எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு எண் இருந்தது. எஸ்தர் அக்காவின் கணவர் ஞானசெல்வத்துக்கு ஐம்பத்திரண்டு. துணியை விரிக்காதே என்று சொல்லித்தந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விரித்தவர்கள். தரையில் படுப்பதும், விருந்துக்குப் போன வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவதும், பிள்ளைகளைத் தூக்காமல் தலையைமட்டும் விரல் நுனியால் தொடுவதும் எல்லாம் அவர்கள் பழகிக்கொண்ட வித்தைகள். தவசி செய்த குற்றம் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொள்ளாதது மட்டும்தான்.

இதற்குப் பிறகாவது நாங்கள் மனம் இரங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எங்கள் வீடுகளில் மூடிக் கிடந்ததைத் திறந்துவிட்டாள் என்று சுகந்தியை முன்னிலும் அதிகமாக வெறுத்தோம். எஸ்தர் அக்கா மறுநாளே பஸ் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், மனு என்ன ஆயிற்று என்று நேரில் கேட்டுவிட்டு வந்தார். அந்த வாரக் கடைசியில் உத்தரவு வந்தது: பதினைந்து நாளில் தவசி மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும், எடை குறையவில்லையென்றால் பணிக்குத் தகுதியற்றவர், பணி இல்லையென்றால் வீடும் இல்லை.

உத்தரவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட களைப்பில் தவசி மூலையில் கண்ணயர்ந்தார். தன்ஷிகா பூனைபோல வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தூக்கத்தில் அவர் கை, பழைய பழக்கத்தில், அவள்மேல் விழுந்தது. அவள் அலறியது எல்லா வீட்டுக்கும் கேட்டது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு விரிசல். அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். தவசி பத்தடி பின்னால் நடந்து வந்தார், தன் கையைத் தன்னுடையது இல்லை என்பதுபோலத் தள்ளிப் பிடித்தபடி. படியேறும் முன் சுகந்தி திரும்பி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவரிடம் சொன்னாள்: "நாளைக்கு அந்த ஊருக்குப் போறோம். அவங்க வீட்டு வாசல்ல எறக்கி வச்சிட்டு வர்றோம்."

மகளைச் சுகந்தியின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, காலை டவுன் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். பஸ் ஒரு பக்கம் தாழ்ந்ததைப் பார்த்துக் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள், சுகந்தி மூன்று டிக்கெட் கேட்டாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரே வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். புதிதாக வெள்ளையடித்த மச்சு வீடு, ஐந்து படி, இரும்புக் கேட். வெள்ளைச் சட்டைக்காரர் வெளியே வந்தார்; பெயர் குருந்தையா. அவருக்குப் பின்னால் இரண்டு மகன்கள். தவசி அவரை அடையாளம் கண்டுகொண்டார். சுகந்தி வளர்த்தாமல் சொன்னாள்.

"வேட்டியோ சேலையோ சாக்கோ, உங்க வீட்டுத் துணி ஒண்ண இந்த வாசல்ல விரிங்க. இவரு எறக்கி வச்சிட்டுப் போயிருவாரு. வேற எதுவும் எங்களுக்கு வேணாம்."

"எங்க வீட்டுல பொம்பளப் பிள்ளையே கெடையாது," என்றார் குருந்தையா. "ரெண்டும் ஆம்பள. ஊருல யாரயும் கேட்டுக்க."

கிணறு எங்கே என்று தவசி கேட்டார். எந்தக் கிணறு என்று மகன்களில் ஒருவன் கேட்டான். கிணறு இருந்த இடத்தில் புது மண் மேடாகக் கிடந்தது. தவசி அந்த மண்ணைப் பார்த்தார், பிறகு இரண்டாவது படியில் உட்கார்ந்தார். படி உள்ளே இறங்கியது.

முதல் நாள் மகன்கள் இருவரும் அவரைப் பிடித்து இழுத்தார்கள், அசையவில்லை, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தார்கள், அசையவில்லை, சுகந்தியின் பிறப்பையும் வளர்ப்பையும் பற்றி என்னென்ன சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னார்கள், அவள் கேட்டுக்கொண்டு துணி போடுங்க என்றாள். இரண்டாம் நாள் டீக்கடையில் அவளுக்கு டீ கொடுக்கவில்லை, தெருக்குழாயைப் பூட்டினார்கள், மாடியிலிருந்து சாணித் தண்ணீரைக் கொட்டினார்கள், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு துணி போடுங்க என்றாள். அன்று மத்தியானம் பொக்லைன் கொண்டுவந்தார்கள். தவசியின் இடுப்பில் பட்டையைக் கட்டித் தூக்கியபோது பொக்லைனின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, ஓட்டியவர் குதித்து ஓடிவிட்டார். நாற்பத்தேழு கிலோவுக்கு இவ்வளவு கனம் கிடையாது. ஆனால் அந்த வாசலில் அது அவ்வளவு கனமாகத்தான் இருந்தது, ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு ஒரு சாண் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் நிலையத்துக்கு நெடுங்காட்டுப்பட்டியிலிருந்து ஒரு போன் வந்தது. வீட்டு வாசலில் ஒரு ஆள் சிக்கிக்கொண்டிருக்கிறார், மீட்க வேண்டும் என்றார்கள். பால்துரை பதிவேட்டில் எழுதினார், மணி அடித்தார், வண்டி கிளம்பியது. பெண்கள் நாங்கள் பஸ்ஸில் பின்னால் போனோம். பார்க்கத்தான் போனோம்; உதவி செய்யப் போனோம் என்று இப்போது சிலர் சொல்வது உண்மையில்லை.

நாங்கள் போனபோது பால்துரை கயிற்றை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செய்யதும், ஞானசெல்வமும், எங்கள் அப்பாவும், இன்னும் இரண்டு பேரும் தவசியைச் சுற்றி நின்றார்கள். தூக்குங்க என்றார் பால்துரை. அப்பா தவசியைப் பார்த்தார், மூன்று நாள் தாடியை, சாணி காய்ந்த சுகந்தியின் தலையை. பிறகு பக்கத்துப் படியில், எந்த வீட்டு நாற்காலியிலும் உட்காராத மனிதர், பொத்தென்று முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார். ஞானசெல்வம் உட்கார்ந்தார். செய்யது உட்கார்ந்தார். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். பால்துரை கொஞ்ச நேரம் கயிற்றோடு நின்றுவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அன்பினால் இல்லை, கால் வலித்தது என்றுதான் அப்பா இன்றுவரை சொல்கிறார்.

வீடு இறங்கியது. ஐந்து படியும் மண்ணுக்குள் போனது, கேட் வளைந்தது, சுவரில் கீழிருந்து மேலாக ஒரு விரிசல் ஓடியது, முன்கதவின் நிலை நெரிந்து கதவு திறக்க முடியாமல் இறுகிக்கொண்டது. குருந்தையா தெருவில் நின்று கத்தினார். அப்போது பின்வாசல் வழியாக ஒரு பெண் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாளில் அவரை யாரும் பார்த்திருக்கவில்லை, ஒரு ஜன்னலில்கூட. குருந்தையாவின் மனைவி, பேச்சியம்மாள். கையில் துணி எதுவும் இல்லை. சுகந்தி எழுந்து வழக்கம்போல ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளைத் தள்ளிவிட்டுத் தவசியின் முன் நின்றார்.

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"மூடியிருந்துச்சும்மா," என்றார் தவசி.

"பொய் சொல்லாத."

தவசி தலையைக் குனிந்துகொண்டார். "தொறந்திருந்துச்சு."

"நீ மூடுனியா?"

"ஆமா."

"கனமா இருந்தாளா?"

தவசி அப்போதுதான் அழுதார் என்று செய்யது சொல்கிறார்; நான் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. "தண்ணிக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா, அவ்வளவு லேசு. நான் தேடித் தேடிப் போறேன், அவளா வந்து என் நெஞ்சுல மோதுறா. மேல வந்தப்பறந்தான்… மேல எல்லாரும் நின்னாங்க, அப்பந்தான் கனமாயிட்டா."

"லேசாத்தான் இருப்பா," என்றார் பேச்சியம்மாள். "ஆறு நாளாப் பூட்டி வச்சிருந்தாக. நாலு நாள் சோறு போடல. நாந்தான் சாவி வச்சிருந்தேன். எம்மக சங்கவி, நாந்தான் சாவி வச்சிருந்தேன்."

ஊர் முழுக்க நின்றிருந்தது. செய்தித்தாளில் அடையாளம் தெரியாத இளம்பெண் என்று வந்தவளின் பெயரை நாங்கள் அப்போதுதான் கேட்டோம். குருந்தையா, உள்ள போடி என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

தவசி எழுந்தார். எழுந்த வேகத்தில் தடுமாறி, இரண்டு அடி பக்கவாட்டில் போய்ச் சுகந்தியின் தோளைப் பிடித்தார். அவள் அந்தக் கையைத் தன் தோளிலேயே வைத்து அழுத்திப் பார்த்தாள், எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பேச்சியம்மாள் அவர் எழுந்த குழியில் உட்கார்ந்துகொண்டார். மகன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். முடியவில்லை. சுகந்தி ஏதோ சொல்லக் குனிந்தாள், அந்த அம்மா அவளைப் பார்க்காமலே, "போயிரு. நன்றி கின்றின்னு எதையும் எங்கிட்டச் சொல்லிராத," என்றார்.

குருந்தையா பால்துரையிடம் வந்து, சார் இவளத் தூக்கி உள்ள விட்டுட்டுப் போங்க என்றார். பால்துரை தொப்பியை மாட்டிக்கொண்டார். ஒரு ஆளை மீட்கத்தான் அழைப்பு வந்தது, அந்த ஆள் எழுந்துவிட்டார், அழைப்பு முடிந்தது என்றார். "வேற ஆளுன்னா வேற போன் போடுங்க." போலீஸுக்கு அவரே போன் போட்டார். பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் கோர்ட்டில் இருக்கிறது, நான் எழுதுவது சரியில்லை.

மருத்துவக் குழு முன் தவசியின் எடை அறுபத்தேழரை. வேலையும் வீடும் அவருக்கே என்று உத்தரவு வந்தது. ஆனால் சுகந்தி எங்களோடு இருக்க மறுத்துவிட்டாள். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். தன்ஷிகா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் அக்கா ஒரு தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்து நீட்டினார், சுகந்தி வாங்கவில்லை. என்னைக் கடக்கும்போது மட்டும் நின்றாள். "ஆபீஸ்ல அந்த மனுவக் காட்டுனாங்க. உன் எழுத்து முத்து முத்தா இருந்துச்சு," என்றாள். வண்டி போய்விட்டது.

அன்று மத்தியானம் அப்பா டூட்டியிலிருந்து வந்து கால் கழுவித் தரையில் உட்கார்ந்தார். அம்மா தட்டை வைத்தாள். சோற்றை வைக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"அந்த வேன் பிள்ளைங்க ரெண்டும் பையனா, பொண்ணா?"

"சோத்தப் போடு."

"சொல்லுங்க, போடுறேன்."

அப்பா என்னைப் பார்த்தார், நான் எழுந்து போவேன் என்று. நான் போகவில்லை. வெறும் தட்டைத் தன் பக்கம் இழுத்து, விளிம்பை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அவர் பேசாமல் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டும் பொண்ணு," என்றார். "பெரியவ சின்னவளோட ஷூவக் கழட்டிக் கையில வச்சிருந்தா. நீந்தட்டும்னு."

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே தரைக்கல் ஒன்று மெல்ல விரிந்தது.